அறுபது நாள் கெடு

பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் கழிக்கும் மலம் கரும்பச்சையாக, பிசின்போல் ஒட்டும். பால் இறங்கத் தொடங்கியதும் பழுப்பாகி, நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளாகிவிடும். இந்த மஞ்சள் பாலிலிருந்து வருவதில்லை. தாய் சாப்பிட்டதிலிருந்தும் வருவதில்லை. உடலில் ஆயுள் முடிந்த ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு கலந்து சிறுகுடலுக்குள் விடுகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மேலும் உடைக்கின்றன. மலத்தின் மஞ்சளும் பச்சையும் பழுப்பும் எல்லாம் இந்த ஒரு பொருளின் வெவ்வேறு வடிவங்கள். ஆகவே மலம் நிறத்தோடு இருந்தால் கல்லீரலிலிருந்து குடலுக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். மலம் சுண்ணாம்பாகவோ வெளிறிய களிமண்ணாகவோ போனால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உடலுக்குள் ஆழத்தில், விரல் நுனியில் பாதிகூட அகலமில்லாத ஒரு குழாயின் நிலையை எந்தக் கருவியும் இல்லாமல் அன்றாடம் வெளியே காட்டிவிடும் அறிகுறி மருத்துவத்தில் வேறு அதிகமில்லை. அப்படியிருந்தும் உலகெங்கும் அதிகம் தவறவிடப்படுகிற அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

வழி அடைபடுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது பிலியரி அட்ரீசியா என்ற பித்தநாள நோய். பிறந்த சில வாரங்களுக்குள் கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் அழற்சியால் தழும்பேறி, துளை தூர்ந்து, வெறும் நாராகிவிடுகிறது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளில் இது பரம்பரை நோயாக வருவதில்லை. தாய் கருவுற்றிருந்தபோது செய்த எதனாலும் வருவதில்லை. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் நீர் வயலிலேயே தேங்கிப் பயிரை அழுகச் செய்வதைப் போல, வெளியேற வழியற்ற பித்தம் கல்லீரலுக்குள் தேங்கி அதன் திசுக்களைச் சிதைக்கிறது. பெரியவர்களுக்குக் குடியாலோ வைரஸாலோ பல ஆண்டுகளில் வரும் சிரோசிஸ் என்ற கல்லீரல் இறுக்கம் இந்தக் குழந்தைகளுக்குச் சில மாதங்களில் வந்துவிடுகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவது அரிது. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலும், தைவானில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கும் இந்நோய் காணப்படுகிறது.

1950கள் வரை அறுவை மருத்துவர்கள் இக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். குடலோடு இணைக்கத் தக்க குழாய் ஏதேனும் மிஞ்சியிருந்தால் சரிசெய்யக்கூடியது. குழாயே இல்லாவிட்டால் சரிசெய்ய முடியாதது. பெரும்பாலானவர்கள் இரண்டாம் வகை. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஜப்பானின் செண்டாய் நகரில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் மோரியோ கசாய் 1955இல் அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு அறுவை செய்தார். குழந்தையின் வயது 72 நாள். இணைப்பதற்குக் குழாய் எதுவும் கிடைக்கவில்லை. கல்லீரலின் அடிப்பகுதியில், பித்தநாளம் வெளிவர வேண்டிய இடத்தில் ஏற்பட்ட ரத்தக்கசிவை அடக்கக் குடலை அந்த இடத்தின்மேல் வைத்துத் தைத்தார் என்று சொல்லப்படுகிறது. அறுவைக்குப் பின் குழந்தையின் மலத்தில் நிறம் தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அந்தத் தழும்புத் திசுவில் இன்னும் திறந்திருந்தன. பித்தம் அவற்றின் வழியே கசிந்து குடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இன்று உலகெங்கும் செய்யப்படும் கசாய் அறுவை இதன் செம்மைப்பட்ட வடிவம்தான். தூர்ந்த நாளத்தையும் கல்லீரல் வாயிலில் உள்ள நார்த்திசுவையும் சீவியெடுத்து, சிறுகுடலின் ஒரு நீண்ட வளையத்தை மேலே கொண்டுவந்து அந்தப் பரப்பைச் சுற்றித் தைப்பது. கசாய் தம் முறையை ஜப்பானிய மொழியில் 1959இல் எழுதினார். ஆங்கிலத்தில் வெளிவர 1968 ஆயிற்று. மேற்கத்திய மருத்துவர்கள் நம்புவதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. எவ்வளவு குழந்தைகள் அந்த இடைவெளியில் போயின என்று கணக்கிட வழியில்லை.

நுண்குழாய்கள் திறந்திருக்கும்வரைதான் இந்த அறுவைக்குப் பொருள் உண்டு. நாளாக நாளாக அவையும் தூர்ந்துவிடுகின்றன. உள்ளே கல்லீரலும் இறுகிக்கொண்டே போகிறது. 60 நாள் என்று பாடநூல்கள் சொல்லும் எல்லை இதிலிருந்து பிறந்ததே. அது ஒரு மதில் அல்ல. 59ஆம் நாள் செய்தால் பிழைக்கும், 61ஆம் நாள் செய்தால் பிழைக்காது என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. பிரான்ஸ் நாட்டு நோயாளிகள் அனைவரையும் தொகுத்து 2009இல் வெளியான ஆய்வு, அறுவை செய்த வயது கூடக் கூட, சொந்தக் கல்லீரலோடு வாழும் வாய்ப்பு படிப்படியாகக் குறைவதைக் காட்டியது. எல்லாக் குழந்தைகளுக்கும் 46 நாளுக்குள் அறுவை நடந்திருந்தால் அந்நாட்டில் 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆண்டுதோறும் நடக்கும் கல்லீரல் மாற்று அறுவைகளில் 5.7 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்றும் கணக்கிட்டது. இந்த எண் சிறிதென்று தோன்றலாம். அதை மிகைப்படுத்த வேண்டியதில்லை. லண்டன் மருத்துவர்கள் சிலர், உறுப்புக் குறைபாடு வேறு எதுவும் இல்லாத குழந்தைகளில் வயதின் பாதிப்பு நாம் நினைத்த அளவு செங்குத்தானதில்லை என்று காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் இந்த விவாதமெல்லாம் 45ஆம் நாளுக்கும் 75ஆம் நாளுக்கும் இடையில் நடப்பது. இந்தியாவில் இக்குழந்தைகள் அறுவை மேசைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டி, சில வேளை அதையும் தாண்டி. அந்த வயதில் வந்தால் நேர்வது இழப்பே என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவு தெளிவான அறிகுறி எப்படித் தவறுகிறது? பெற்றோர் கவனிப்பதில்லை என்பது சோம்பலான பதில். குழந்தை மஞ்சளாக இருப்பதைத் தாய் பார்க்கிறாள், பாட்டி பார்க்கிறாள், அடுத்த வீட்டார்கூடச் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் இருக்கின்றன. கல்லீரலின் நொதி இன்னும் முழு வேகம் பிடிக்காததால் வரும் இந்தக் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். "காலை இளவெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்பது பாட்டியின் வாக்கு மட்டுமன்று, பல மருத்துவமனைகளின் வாய்மொழியும் அதுவே. அது மூடநம்பிக்கையும் அன்று. 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். துணி மூடாத இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அதிலிருந்து பிறந்த ஒளிச் சிகிச்சை 1958இல் லான்செட் இதழில் வெளிவந்து, இன்று ஒவ்வொரு பிரசவ வார்டிலும் நீல விளக்காக எரிகிறது.

ஆனால் ஒளி வேலை செய்வது ஒரு வகைப் பிலிரூபினில்தான். கல்லீரல் இன்னும் மாற்றாத, நீரில் கரையாத பிலிரூபினை ஒளி உருமாற்றி, கல்லீரல் மாற்றித் தராமலே வெளியேறச் செய்கிறது. பித்தநாளம் தூர்ந்த குழந்தையின் நிலை வேறு. அங்கே கல்லீரல் தன் வேலையை முடித்துவிட்டது. மாற்றப்பட்ட பிலிரூபின், அதாவது ஆய்வகச் சீட்டில் 'டைரக்ட் பிலிரூபின்' என்று வருவது, வெளியேற வழியில்லாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. எவ்வளவு வெயில் காட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பத்தாயிரம் குழந்தைகளுக்குப் பலித்த அறிவுரைதான் பத்தாயிரத்து ஒன்றாவது குழந்தையின் நாட்களைத் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்தக் குழந்தை பார்க்க நோயாளிபோல இருக்காது. பிறப்பு எடை சரியாக இருக்கும், பால் நன்றாகக் குடிக்கும், சிரிக்கும். மஞ்சளும் கடுமையாக இராது, வெளிர் மஞ்சளாக, மாநிறத் தோலில் எளிதில் தெரியாமல் இருக்கும். கண்ணின் வெண்படலத்தைப் பார்த்தால்தான் புலப்படும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுவது இன்னொரு தடயம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்று இருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர்கள் வந்தபின், இந்தக் கறையைத் துவைக்கும் கை இல்லாமல் போனது.

மருத்துவர்களையும் எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஐரோப்பிய விகிதத்தையே வைத்துக்கொண்டால் இந்நோயோடு பிறப்பவர்கள் ஆண்டுக்கு 45 முதல் 60 பேர். அவர்கள் அத்தனை மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு ஊரின் குழந்தை மருத்துவர் தம் தொழில் வாழ்க்கை முழுவதிலும் ஒன்றோ இரண்டோ பார்த்தால் அதிகம். மஞ்சளாக வரும் குழந்தைகளையோ ஆயிரக்கணக்கில் பார்த்துவிடுகிறார். அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுப்பது 'இதுவும் போய்விடும்' என்பதையே. அரிதான நோயில் அனுபவம் நம்மை ஏமாற்றும். ஆகவே 14 நாளுக்கு மேல் காமாலை நீடித்தால் டைரக்ட் பிலிரூபினைத் தனியே அளந்தே ஆக வேண்டும் என்பது போன்ற, யோசிக்க இடம் கொடாத ஒரு விதிதான் அங்கே உதவும்.

இங்கிருந்துதான் இந்த அத்தியாயத்தின் வாதம் தொடங்குகிறது. குழந்தைகளின் கல்லீரல், குடல் நோய்களுக்கான சிறப்பு மருத்துவம் என்றதும் நம் மனதில் வருவது பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனை, அங்கே நுட்பமான கருவிகள், பெயர்பெற்ற மருத்துவர். அது தேவை. ஆனால் இந்நோயில் பலனைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் கட்டடத்துக்கு வெளியே நடப்பது. கண்டறிதல் எங்கும் பரவியிருக்க வேண்டும்; அறுவையோ ஒருசில இடங்களில் குவிந்திருக்க வேண்டும். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே அமைப்பின் இரு பாதிகள். ஒன்றை மட்டும் கட்டினால் மற்றது வீணாகிறது.

முதல் பாதிக்குச் சான்று தைவான். அங்கே மெய்-ஹுவெய் சாங் முதலிய குழந்தை மருத்துவர்கள் மலத்தின் நிறங்களைப் புகைப்படமாக அச்சிட்ட அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். இந்த யோசனைக்கு முன்னோடி ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில் 1990களில் நடந்த முயற்சி. தைவான் அதை 2002இல் சில பகுதிகளில் சோதித்து, 2004இல் நாடு முழுவதும் குழந்தை நலக் கையேட்டில் சேர்த்தது. வெளுத்த நிறங்கள் ஒரு பக்கம், இயல்பான நிறங்கள் மறுபக்கம். தாய் குழந்தையின் மலத்தை அட்டையோடு ஒப்பிடுகிறாள். வெளுத்த பக்கத்தோடு பொருந்தினால் உடனே தகவல் சொல்கிறாள். 2004இல் 60 நாளுக்குள் நோய் பிடிபட்ட குழந்தைகள் 72.5 விழுக்காடு, அடுத்த ஆண்டு அது 97.1 ஆயிற்று. ஐந்தாண்டுக் கணக்கு இன்னும் வியப்பூட்டுவது. அட்டைக்கு முந்தைய குழந்தைகளில் காமாலை நீங்கிச் சொந்தக் கல்லீரலோடு ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 27.3 விழுக்காடு, அட்டைக்குப் பிந்தையவர்களில் 64.3. மொத்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் 55.7இலிருந்து 89.3க்கு உயர்ந்தார்கள். அச்சுச் செலவு மட்டுமே பிடித்த ஓர் அட்டை.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. இவை முன்பும் பின்பும் ஒப்பிட்ட கணக்குகள். சீட்டுப் போட்டுப் பிரித்த இரு குழுக்களின் ஒப்பீடு அல்ல. முந்தைய குழு 1970களின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறது. அப்போதைய மயக்க மருந்தும் நுண்ணுயிர்க் கொல்லிகளும் சத்துணவு முறையும் வேறு. கல்லீரல் மாற்று அறுவை ஏறத்தாழ இல்லை. மேலும், 60 நாளுக்குள் அறுவை பெற்றவர்களின் பங்கு பாதி என்பதிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு என்றுதான் மாறியது. இந்தச் சிறு நகர்வு தனியே சொந்தக் கல்லீரலோடு பிழைக்கும் விகிதத்தை இருமடங்காக்கியிருக்க முடியாது. என் மதிப்பீட்டில் அட்டை இரண்டு வேலை செய்தது. குழந்தைகளைச் சில வாரம் முன்னதாகக் கொண்டுவந்தது ஒன்று. மற்றது, நாடு முழுவதும் இந்நோயின் பெயரைச் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெரியவைத்து, சந்தேகம் வந்த குழந்தை யாரிடம் போக வேண்டும் என்ற பாதையைத் திறந்தது. பாதைதான் பெரிது. வெறும் அட்டையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, தாய் அழைத்தால் எடுக்க ஆளில்லாத தொலைபேசி எண்ணையும் அதில் போட்டுவிட்டால் தைவானின் பலன் கிடைக்காது.

இரண்டாம் பாதிக்குச் சான்று இங்கிலாந்து. பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 1993 முதல் 1995 வரை இரண்டு ஆண்டுகளில் கண்டறியப்பட்ட 93 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு ஐந்துக்கு மேல் இத்தகைய குழந்தைகளைப் பார்த்த மையங்களில், மாற்று அறுவை இல்லாமல் ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் 61.3 விழுக்காடு. அதற்குக் குறைவாகப் பார்த்த மையங்களில் 13.7. ஒரே காலம், ஒரே நோய். 1999இல் பிரிட்டிஷ் அரசு ஒரு முடிவெடுத்தது: இனி இந்த அறுவை லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை, பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டும். தங்கள் அறையில் நெடுங்காலம் இதைச் செய்துவந்த பல அறுவை மருத்துவர்களுக்கு இது கசந்திருக்கும். அடுத்த பத்தாண்டில் அந்த மூன்று இடங்களில் பார்க்கப்பட்ட 443 குழந்தைகளில் அறுவைக்குப் பின் காமாலை தெளிந்தது 55 விழுக்காட்டினருக்கு. மாற்று அறுவை பெற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாண்டில் 90 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள்.

பிரான்ஸ் இதற்கு மறுப்பாக நிற்கிறது; அதை மறைப்பது நேர்மையாகாது. அங்கேயும் அனுபவம் குறைந்த மையங்களின் பலன் மோசம் என்றே முதலில் தெரிந்தது. ஆனால் அவர்கள் எதையும் மூடவில்லை. 1997க்குப் பிறகு சிறிய மையங்கள் பெரிய மையங்களோடு கலந்துபேசி, அறுவை முறையைப் பகிர்ந்து, மாற்று அறுவைக்கு நேரத்தோடு அனுப்பி நடந்துகொண்டன. மையங்களுக்கு இடையிலான வேறுபாடு மறைந்தது. ஆகவே மூன்று கட்டடங்கள் என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. அனுபவம் ஒருவர் கையில் பூட்டிக் கிடக்காமல் புழங்க வேண்டும் என்பதே தேவை. மதுரையிலோ நெல்லையிலோ இருக்கும் நல்ல அறுவை மருத்துவரிடமிருந்து கத்தியைப் பறிக்காமலே இதைச் செய்யலாம் என்றால் அது நமக்கு நல்ல செய்தி. சென்னைக்கு வந்து மாதக்கணக்கில் தங்க முடியாத குடும்பங்களுக்கு இன்னும் நல்ல செய்தி. ஆனால் பிரான்சின் ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு குழந்தையின் விவரமும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும், தோல்விகளும் ஏற வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் 'கூட்டு முயற்சி' என்பது மாநாட்டு மேடையோடு முடிந்துவிடும்.

அனுபவமுள்ள மையம் கத்தியை நன்றாகப் பிடிப்பதால் மட்டும் பலன் தருவதில்லை. முதலில், மலம் வெளுத்த குழந்தைகள் எல்லோருக்கும் இந்த நோய் இல்லை. பாலிலுள்ள சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா இருக்கலாம், அதற்கு மருந்து, தாய்ப்பால் உட்பட எல்லாப் பாலையும் நிறுத்துவது. தைராய்டு குறைபாடு இருக்கலாம். பித்தநாளத்தில் நீர்க்கட்டி இருக்கலாம். கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் பிறவியிலேயே குறைந்திருக்கும் அலாஜில் நோய்க்குறி இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் கசாய் அறுவை செய்வதே தவறாக முடியும். இவற்றைப் பிரித்தறிய மீயொலிப் படம், கல்லீரல் திசுத் துணுக்கு, இறுதியில் அறுவை மேசையிலேயே பித்தநாளத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரே என்று படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் காத்திருக்கும் மருத்துவமனையில் ஒரு மாதம் ஓடிவிடும். பழகிய குழு எல்லாவற்றையும் சில நாளில் முடிக்கிறது. பிறகு உணவு. பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேராது. வைட்டமின் கே குறைந்து மூளையில் ரத்தம் கசிந்த பிறகே முதன்முறையாக மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் உண்டு. பித்தம் அதிகம் தேவைப்படாத நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைக் கொடுக்க வேண்டும். அதற்கான தனிப் பால்மாவு வாங்க முடியாத வீடுகளுக்கு நம் ஊர் மருத்துவர்கள் தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைப்பது இதனால்தான். இப்படிச் சிறு சிறு வேலைகளின் கூட்டே சிறப்பு மருத்துவம். ஒரே மருந்தால் எல்லாம் மாறிவிடும் என்ற ஆசைக்கு 2014இல் ஒரு பாடம் கிடைத்தது. அமெரிக்க மையங்கள் 140 குழந்தைகளை இரு குழுக்களாக்கி, ஒன்றுக்கு அறுவைக்குப் பின் அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தன. பித்தம் நன்றாக வடிந்தவர்கள் ஸ்டீராய்டு குழுவில் 58.6 விழுக்காடு, மற்றதில் 48.6, தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு என்பதால் மருந்தின் பலன் உறுதிப்படவில்லை.

இனி வலுவான ஆட்சேபம். கல்லீரல் மாற்று அறுவை இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில், பாதிப் பேருக்கே பலிக்கும் ஓர் அறுவைக்காக ஏன் நாட்களை எண்ண வேண்டும்? நேராக மாற்று அறுவைக்குப் போனால் என்ன? இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தையே இந்நோயால் பாதிக்கப்பட்டதுதான். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. அக்குழந்தை வளர்ந்து தானே மருத்துவராகிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் முகமது ரேலா பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து போன அவர் இன்று சென்னையில் இதே அறுவைகளைச் செய்கிறார். சாதனை இங்கேயே இருக்கிறது. அப்படியிருக்க, ஏன் அவசரம்?

விடை மாற்று அறுவையின் கணக்கிலேயே இருக்கிறது. இங்கே குழந்தைகளுக்குக் கிடைக்கும் கல்லீரல் பெரும்பாலும் தாயுடையதோ தந்தையுடையதோ. அதாவது ஒரே வீட்டில் இருவர் ஒரே நாளில் வயிற்றைத் திறந்து படுக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கூலியில்தான் பல வேளை அந்த வீடு ஓடுகிறது. மாற்றிய கல்லீரலை உடல் எதிர்க்காமலிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து. அந்த மருந்து தொற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. சிறுநீரகத்தையும் மெல்லப் பாதிக்கலாம். எட்டு மாதத்தில் ஆறு கிலோகூடத் தேறாத, வயிற்றில் நீர் கோத்த குழந்தைக்கு இதைச் செய்வதும், எட்டு வயதில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் குழந்தைக்குச் செய்வதும் ஒன்றல்ல. நேரத்தில் நடந்த கசாய் அறுவை முழுப் பலன் தராவிட்டாலும் சில ஆண்டுகளைச் சம்பாதித்துத் தருகிறது: குழந்தை வளர, குடும்பம் பணம் சேர்க்க, தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடிக்க. சிலர் சொந்தக் கல்லீரலோடே முப்பது வயதைக் கடந்திருக்கிறார்கள். மாற்று அறுவை இந்த அறுவைக்குப் போட்டி இல்லை. அதற்கு அடுத்த படி. நான்காம் மாதத்தில், கல்லீரல் கல்லாக இறுகிய பிறகு வரும் குழந்தைக்கு முதல் படி உண்மையிலேயே பயனில்லாமல் போகலாம். அங்கே நேராக இரண்டாம் படிக்குப் போவதே சரி என்று முடிவெடுப்பதும் அனுபவமுள்ள குழுவின் வேலை.

எஞ்சியிருக்கும் ஆட்சேபம் பச்சை உடம்புக்காரியின் மனநிலை பற்றியது. 60 குழந்தைகளைக் கண்டுபிடிக்க 9 லட்சம் தாய்மாரை மலத்தை உற்றுப் பார்க்கச் சொன்னால், தேவையற்ற பயத்தில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்? இந்தக் கவலையில் உண்மை உண்டு. நிறத்தைக் கண் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. குழல்விளக்கில் ஒன்று, பகல் வெளிச்சத்தில் வேறு. சில குழந்தைகளின் மலம் முதல் வாரங்களில் இயல்பாகவே இருந்து பிறகு வெளுக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்தியடைந்த தாய் அதைத் தவறவிடலாம். இதற்கு மாற்றாக அமெரிக்காவின் ஹூஸ்டனில், பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் இரண்டொரு நாளிலேயே டைரக்ட் பிலிரூபினை அளந்து, சற்றுக் கூடுதலாக இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் மறுபடி அளந்தார்கள். 1,23,279 குழந்தைகளைச் சோதித்ததில் இந்நோய் இருந்த ஏழு பேரும் சிக்கினார்கள். அப்பகுதியில் அறுவையின் வயது 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை என்பதை இங்கே உடனே தாங்க முடியாது. இங்கே வேறொரு வசதி இருக்கிறது. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் பச்சிளங் குழந்தை உள்ள வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் போக வேண்டும் என்று ஏற்கெனவே விதி உண்டு. ஆறாம் வாரத்தில் எப்படியும் தடுப்பூசிக்குக் குழந்தை வந்தாக வேண்டும். எடையைப் பார்க்கிறோம், தொப்புளைப் பார்க்கிறோம், தாய்ப்பால் பற்றிக் கேட்கிறோம். அதோடு இரண்டு கேள்வி: மலம் என்ன நிறம்? சிறுநீர் துணியில் கறை விடுகிறதா? அட்டை செவிலியரின் பையில் இருந்தால் 9 லட்சம் தாய்மார் தனியே பயப்பட வேண்டியதில்லை. பழகிய கண்ணோடு சேர்ந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்த குழந்தைக்கு அடுத்து வேண்டியது ஒன்றோ இரண்டோ மில்லி ரத்தமும், எந்தத் தாலுகா மருத்துவமனை ஆய்வகத்திலும் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையும். இங்கேதான் ஒரு அற்பமான இடறல் காத்திருக்கிறது. பரிசோதனைச் சீட்டில் வெறுமனே 'பிலிரூபின்' என்று எழுதினால் ஆய்வகம் மொத்த அளவை மட்டும் கொடுக்கும். அது ஏழோ எட்டோ என்று வரும். நீல விளக்கு தேவைப்படும் அளவுக்குக் கீழே என்பதால், பயப்பட ஒன்றுமில்லை என்று குழந்தை வீட்டுக்கு அனுப்பப்படும். அந்த எட்டில் ஆறு டைரக்ட் பிலிரூபினாக இருந்திருக்கலாம். அது டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே குழந்தையைத் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். சீட்டு எழுதும்போது 'மொத்தம், டைரக்ட்' என்று இரண்டையும் கேட்க வேண்டும்.